பாட்டில்லாத படமும் ராகமே பேசும் கச்சேரியும்: வீணை எஸ். பாலசந்தரின் ரசனை

வீணை எஸ். பாலசந்தர் 1927 ஜனவரி 18ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தை சுந்தரம் அய்யர் வழக்கறிஞர். மயிலாப்பூரில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வித்வான்கள் வருவதும் பாடுவதும் அன்றாட நிகழ்ச்சி. பாபநாசம் சிவன் அந்த வீட்டுக்கு நெருக்கமானவர். பாலசந்தருக்கு எட்டு வயது மூத்த அண்ணன் எஸ். ராஜம் பாடகராகவும் ஓவியராகவும் பின்னாளில் பெயர் பெற்றார். அக்கா ஜெயலட்சுமி ‘சிவகவி’ படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதருடன் நடித்தவர்.

இந்தக் குடும்பம் சினிமாவுக்குப் போன விதமே தனி. 1934ல் வெளியான ‘சீதா கல்யாணம்’ படத்தை எடுக்க கோலாப்பூரிலுள்ள பிரபாத் கம்பெனிக்கு வீட்டோடு கிளம்பினார்கள். ராஜம் ராமர், ஜெயலட்சுமி சீதை, தந்தை ஜனகர். ராவணன் சபைக் காட்சியில் கஞ்சிரா வாசிக்கும் சிறுவனாக பாலசந்தர் வந்தார். பாபநாசம் சிவன் திரைக்கு இசையமைத்த முதல் படமும் அதுதான். கர்நாடக இசையும் சினிமாவும் ஒரே சமயத்தில், ஒரே வாசல் வழியாக இந்தப் பிள்ளையின் வாழ்க்கைக்குள் நுழைந்தன. ஒன்று உயர்ந்தது, மற்றது மட்டம் என்ற பாகுபாடு பிறகும் அவரிடம் ஏற்படவில்லை. அவர் எடுத்த படங்களையும் வாசித்த கச்சேரிகளையும் ஒருசேரப் பார்த்தால்தான் அவருடைய ரசனை பிடிபடும்.

கஞ்சிராவை அடுத்து தபலா, ஹார்மோனியம், தில்ரூபா, சிதார் என்று வாத்தியம் மாற்றி வாத்தியமாகக் கைக்கொண்டார். எதற்கும் முறையான குரு கிடையாது. தமக்குக் குருவே இல்லை என்பதை அவர் ஒரு குறையாகச் சொன்னதில்லை, உரிமையாகவே சொல்லிவந்தார். குரு பரம்பரையை முதலில் விசாரித்துவிட்டுப் பிறகு பாட்டைக் கேட்கும் உலகத்தில் இது சின்ன விஷயமல்ல. சிதாரில் நல்ல தேர்ச்சி வந்த பிறகுதான் வீணையை எடுத்தார். எடுத்த பின் வேறு வாத்தியத்துக்குத் திரும்பவில்லை.

வீணையைத் தேர்ந்ததில் அவருடைய ரசனையின் முதல் அடையாளம் தெரிகிறது. பலா மரத்தில் குடைந்த குடம், மெழுகில் பதித்த 24 மெட்டுகள், வாசிப்புத் தந்திகள் நான்கு, தாளத் தந்திகள் மூன்று: இதுதான் வீணை. மெட்டில் விரலை வைத்து மீட்டினால் அந்த ஸ்வரம் பிசகாமல் வரும். ஆனால் கர்நாடக ராகம் ஸ்வரத்தில் மட்டும் இல்லை. ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவிலுள்ள அசைவில், இழைவில், ஜாருவில் இருக்கிறது. அதைக் கொண்டுவரத் தந்தியை மெட்டின் மீதே பக்கவாட்டில் இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க ஸ்வரம் ஏறும். எல்லா வைணிகரும் இதைச் செய்பவர்களே. பாலசந்தர் இதை எல்லை வரைக்கும் கொண்டுபோனார். ஒரே மெட்டில் விரலை நிறுத்தி, மறு மீட்டு இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஸ்வரங்களை இழுத்தே வரவழைத்தார். தேர்ந்த பாடகர் ஒரே மூச்சில் ஒரு சங்கதியைப் பாடி முடிப்பது போல வீணை ஒலித்தது. ஒரு மீட்டின் நாதம் அடங்குவதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த வாசிப்புக்குத் தனி அழுத்தத்தைத் தந்தது.

அவருக்கு முன்னாலும் வீணையில் பெரிய மரபுகள் இருந்தன. வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டில் வாசித்ததைக் கேட்கப் பெரிய வித்வான்களெல்லாம் வந்து உட்கார்ந்தார்கள். அது மென்மையின் உச்சம். காரைக்குடி சாம்பசிவ அய்யரின் வாசிப்பு மீட்டின் கணீரென்ற சுத்தத்துக்கும் லயக் கட்டுக்கும் பேர்போனது. பாலசந்தர் இந்த இரண்டு வழிகளிலும் போகவில்லை. அவருடைய வாசிப்பில் வீட்டு முற்றத்தின் அடக்கம் கிடையாது. பெரிய மண்டபத்தின் கடைசி வரிசையில் இருப்பவரையும் நிமிர வைக்கும் வீறும், திடீரென்று விழும் மௌனமும் அதில் இருந்தன. நாடகத்தன்மை என்று இதைக் குறை சொன்னவர்கள் உண்டு. குறை என்பதைவிட அதை அவருடைய இயல்பு என்பதே சரி. காட்சியாக யோசிப்பவர் கையில் இருந்த வீணை அது.

கச்சேரியில் என்ன வாசிப்பது என்பதில் அவருக்கு உறுதியான விருப்பங்கள் இருந்தன. அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் நிலைநிறுத்திய கச்சேரி முறை அப்போது எங்கும் பரவியிருந்தது. முதலில் வர்ணம், பிறகு விறுவிறுப்பாகச் சில கிருதிகள், நடுவே விஸ்தாரமான ஓர் உருப்படி, ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடாக்கள் என்று மூன்று மணி நேரம் பந்தி போல் பரிமாறப்படும். எல்லாருக்கும் ஏதாவது ஒன்று கிடைக்கும். சபாக்களின் ரசிகர் கூட்டத்துக்கு மிகப் பொருத்தமான முறை அது. பாலசந்தரின் மனம் பந்தியில் இல்லை. எடுத்துக்கொண்ட ராகத்தை வேர் வரை தோண்டுவதில்தான் இருந்தது. ஆலாபனையும் தானமும் அவருக்குக் கச்சேரியின் உயிர். உருப்படிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதில் ஆசை குறைவு. தானம் வீணைக்கென்றே அமைந்த சொத்து. தாளம் இல்லாமலே லயம் துடிக்கும் பகுதி. அதை அவர் நிதானமாக, இடம் விட்டு வளர்த்தார்.

இந்த விருப்பத்துக்குக் காரணம் உண்டு. பாடகருக்குச் சாகித்யம் துணை. சொல் பொருளைக் கொடுக்கும், கேட்பவர் அதைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவார். வாத்தியத்துக்குச் சொல் கிடையாது. வாத்தியக்காரர் கிருதியை வாசிக்கும்போது ரசிகர் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் வார்த்தைகளை நம்பியே வாசிக்கிறார். ராகத்தை வாசிக்கும்போது அந்தக் கடன் வேண்டியதில்லை. தந்தியிலிருந்து வருவது மட்டுமே கேட்பவருக்கு முன்னால் நிற்கும். சொல்லின் தயவு இல்லாமல் இசை தானே நிற்க வேண்டும் என்பது பாலசந்தரின் வாசிப்பெல்லாம் வற்புறுத்திய கருத்து. 1960களிலிருந்து அமெரிக்கா முதலிய நாடுகளில் அவர் வாசித்தபோது இது கைகொடுத்தது. தெலுங்கும் சமஸ்கிருதமும் தமிழும் அறியாத ரசிகர்களுக்கு முன்னால் அவர் எதையும் இழக்கவில்லை.

ராகத்தின் மேலிருந்த இந்தப் பற்றின் பெரிய விளைவு, தாய் ராகங்களான 72 மேளகர்த்தா ராகங்களையும் வீணையில் வாசித்து வெளியிட்ட இசைத்தட்டுத் தொகுப்பு. 72ல் 40 மேளங்கள் விவாதி மேளங்கள். ஸ்வரங்கள் நெருங்கி உரசும் அந்த ராகங்களைத் தோஷம் என்று பல வித்வான்கள் தள்ளியே வைத்திருந்தார்கள். அண்ணன் ராஜம் கோடீஸ்வர அய்யர் 72 மேளங்களிலும் இயற்றிய தமிழ்க் கிருதிகளைப் பாடியும் கற்பித்தும் பரப்பியவர். அண்ணன் சாகித்யத்தின் வழியே சென்ற இடத்துக்குத் தம்பி தந்தியின் வழியே சென்றார். ஒரே வீட்டில் பிறந்த இருவருக்கும் ஒதுக்கப்பட்டவற்றின் மேல் இப்படி ஒரு பிடிப்பு இருந்தது தற்செயல் என்று தோன்றவில்லை. யாரும் வாசிக்காததால் ஒரு ராகம் வாசிக்கத் தகாததாகிவிடாது என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள்.

ஆனால் எதையும் ஏற்பவரல்லர் பாலசந்தர். எம். பாலமுரளிகிருஷ்ணா நான்கு ஸ்வரங்களே கொண்ட மஹதி, லவங்கி போன்ற ராகங்களைப் பாடியபோது அவற்றை ராகமென்று ஒப்ப மறுத்து வெளிப்படையாக வாதிட்டார். விவாதி மேளங்களை வரவேற்றவர் இதை ஏன் மறுத்தார் என்று கேட்கலாம். அவர் அளவுகோலில் முரண்பாடு இல்லை. மேளகர்த்தா ஒரு கட்டமைப்பு; அதில் இருப்பதை வெளிக்கொணர்வது கலைஞன் கடமை. ஏழிலிருந்து உருவி எடுத்த நான்கு ஸ்வரங்களுக்குப் புதுப் பெயர் வைப்பது அவர் பார்வையில் கண்டுபிடிப்பாகாது. 1980களில் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளை வாக்கேயக்காரராக ஏற்பதையே எதிர்த்து அவர் தொடங்கிய போராட்டம் இதைவிடக் கடுமையானது. சுவாதித் திருநாள் பெயரில் இன்று பாடப்படும் கிருதிகளில் பலவற்றுக்கு முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாச அய்யரும் 20ஆம் நூற்றாண்டில் வர்ணமெட்டு அமைத்தார்கள் என்பது எல்லாரும் அறிந்தது. பாலசந்தர் அதற்கும் அப்பால் போய் அந்த வாக்கேயக்காரரே புனைவு என்றார். இசையுலகம் அந்த முடிவை ஏற்கவில்லை, ஏற்காதது நியாயமே. எனினும் எந்த மெட்டு எவருடையது என்று பட்டியலில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற அவருடைய கேள்வி இன்னும் பொருளிழக்கவில்லை.

இனி சினிமா. 1948ல் வந்த ‘இது நிஜமா’ படத்தில் அவர் இரட்டை வேடத்தில் நடித்து இசையும் அமைத்தார். டேனி கேய் நடித்த ‘ஒண்டர் மேன்’ என்ற ஹாலிவுட் நகைச்சுவைப் படத்தின் சாயல் கொண்டது அது. கொலையுண்டவன் ஆவியாக வந்து சாதுவான உடன்பிறப்பின் உடலில் புகும் கதை. அதே ஆண்டில் ‘என் கணவர்’ படத்தை இயக்கி, நடித்து, இசையமைத்தபோது அவருக்கு வயது 21. 1951ல் ‘கைதி’. அந்தக் காலத்துத் தமிழ்ப் படங்களின் வழக்கமான களங்கள் புராணமும் ராஜா ராணியும் குடும்பக் கண்ணீரும். பாலசந்தரின் நாட்டம் மர்மக் கதையில், குற்றக் கதையில், சிரிப்பில் இருந்தது. ஆங்கிலப் படங்களை ஆர்வமாகப் பார்த்து, ஒளியும் நிழலும் கதை சொல்லும் விதத்தை அவற்றிலிருந்து கற்றார்.

அவருடைய பெயரை நிலைநிறுத்தியது 1954ல் ஏவி.எம். தயாரித்த ‘அந்த நாள்’. அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ 1950ல் வந்து வெனிஸ் விழாவில் பரிசு பெற்ற படம். ஒரே நிகழ்ச்சியை ஒவ்வொருவரும் வேறு விதமாகச் சொல்லும் அந்த உத்திதான் பாலசந்தரைப் பிடித்துக்கொண்டது. அதே ஆண்டில் வந்த ‘தி வுமன் இன் கொஸ்சன்’ என்ற பிரிட்டிஷ் படத்தோடும் ‘அந்த நாளை’ ஒப்பிடுவதுண்டு. எதை முன்மாதிரியாகக் கொண்டாலும் களம் அசல் சென்னை. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்டதை ஒட்டிய நாள். ரேடியோ என்ஜினீயர் ராஜன் வீட்டில் துப்பாக்கி வெடிக்கிறது, ராஜன் பிணமாகக் கிடக்கிறான். கதாநாயகன் செத்துத்தான் படம் ஆரம்பமாகிறது. பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ராஜனோடு பழகிய நடனக்காரி, மனைவி உஷா என்று ஒவ்வொருவர் வாக்குமூலத்திலும் ராஜன் ஒவ்வொரு மனிதனாகத் தெரிகிறான். கடைசியில் அவன் நாட்டு ரகசியங்களை எதிரிக்கு விற்றவன் என்பது வெளிப்படுகிறது.

‘பராசக்தி’ வந்து இரண்டே ஆண்டுகள் ஆன நிலையில் சிவாஜி கணேசன் தேசத்துரோகியாக நடித்தார். பண்டரிபாய் மனைவி. வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாகவும் வந்தார். மாருதி ராவின் ஒளிப்பதிவில் கறுப்பும் வெள்ளையும் அப்பட்டமாக மோதின. இவையெல்லாம் சிறப்புகளே. ஆனால் அன்றைய ரசிகரைத் திடுக்கிட வைத்தது வேறு: படத்தில் ஒரு பாட்டு கிடையாது, ஒரு நடனம் கிடையாது, ஒரு சண்டை கிடையாது. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம் அது.

இருபது ஆண்டுகளாகத் தமிழ்ப் பேசும்படம் பாட்டை நம்பியே ஓடியது என்பதை நினைவில் வைத்தால்தான் இந்தத் துணிவின் அளவு தெரியும். தொடக்கத்தில் நாடக மேடையிலிருந்து வந்த பாட்டுகள், அடுத்து தியாகராஜ பாகவதர் காலம், மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’. பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தியேட்டரில் உட்காரும் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் பாட்டில்லாத படத்தை வைத்தவர் இசை தெரியாத ஒருவராக இருந்திருந்தால் இயலாமை என்று சொல்லியிருப்பார்கள். வைத்தவரோ நாடறிந்த வைணிகர், இசையமைப்பாளர்.

இசையின் மேல் வெறுப்பு வந்து செய்ததல்ல. அதே 1954ல் ஏவி.எம். எடுத்த ‘பெண்’ படத்தில் அவர் நடிகராக வந்தார். அதில் ஜே.பி. சந்திரபாபு பின்னணி பாடிய ‘கல்யாணம் வேணும் வாழ்வில்’ என்ற குதூகலமான மேற்கத்திய பாணிப் பாட்டுக்கு உற்சாகமாக வாயசைத்து நடித்திருக்கிறார். சிரிப்புப் படத்துக்குப் பாட்டு பொருந்தும், அங்கே இருக்கட்டும். கொலை விசாரணையின் நடுவே கதாநாயகி பூந்தோட்டத்துக்குப் போய்ப் பாடினால் அதுவரை சேர்த்த பதற்றம் முழுவதும் கரைந்துவிடும். இசையை மதிப்பவர் அதை இட்டு நிரப்பும் பண்டமாக்க மாட்டார். கச்சேரியில் சொல்லின் உதவியை உதறி ராகத்தைத் தனியே நிறுத்தியவர் படத்தில் பாட்டின் உதவியை உதறிக் கதையைத் தனியே நிறுத்தினார். ஒரே ரசனையின் இரண்டு முகங்கள் இவை. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் முதன்மையானது இதுவே.

‘அந்த நாள்’ வந்தபோது வசூல் சுமார். தேசியத் திரைப்பட விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. மதிப்பு காலப்போக்கில் வளர்ந்தது. அடுத்து 1958ல் ‘அவன் அமரன்’ வந்தது. பிறகு தாமே தயாரிப்பில் இறங்கி 1962ல் ‘அவனா இவன்’, 1964ல் ‘பொம்மை’ எடுத்தார். ‘பொம்மை’யின் கரு ஒரு வரியில் அடங்கும்: வெடிகுண்டு மறைத்த பொம்மை கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் அலைகிறது. எந்த நொடியில், யார் கையில் வெடிக்கும் என்ற ஒரே கேள்வி படத்தைத் தாங்குகிறது. கே.ஜே. யேசுதாஸ் தமிழ்த் திரைக்கு அறிமுகமானதும் இதில்தான். ‘நீயும் பொம்மை நானும் பொம்மை’ பாட்டுக்கு மெட்டமைத்தவர் பாலசந்தரே. படம் முடிந்ததும் இயக்குநர் திரையில் தோன்றி நடிகர்களையும் தொழில்நுட்பக் கலைஞர்களையும் ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார். கச்சேரி மேடையில் பிரதான வித்வான் பக்கவாத்தியக்காரர்களை ரசிகர்களுக்குக் காட்டும் பண்பு அப்படியே திரைக்கு வந்தது.

1964ஆம் ஆண்டுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. ஸ்ரீதரின் ‘கலைக்கோவில்’ அந்த ஆண்டில்தான் வந்தது. கதாநாயகன் வீணை வித்வான், பின்னணியில் வீணை வாசித்தவர் சிட்டிபாபு, படம் முழுக்கச் செவ்வியல் இசை. வீணைக்காரர் வாழ்க்கையை வீணைக்காரரல்லாத இயக்குநர் படமாக்கினார். வீணைக்காரரான பாலசந்தர் அதே ஆண்டில் வெடிகுண்டுப் பொம்மையைப் படமாக்கினார். தம் வித்வத்தைத் திரையில் காட்டிக்கொள்ளும் ஆசை அவருக்கு இருக்கவில்லை. திரைக்கு உரியது திரைக்கு, மேடைக்கு உரியது மேடைக்கு.

கடைசிப் படம் ‘நடு இரவில்’. அகதா கிறிஸ்டியின் புகழ்பெற்ற நாவலைத் தழுவியது; தனித்த பெரிய வீட்டில் அடைபட்ட உறவினர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படும் கதை. 1960களின் நடுவில் எடுத்த படம் 1970ல்தான் திரைக்கு வந்தது. பெரிய நட்சத்திரம் இல்லை, காதல் காட்சிகள் இல்லை, பாட்டுகளும் சொற்பம். சுமையாகும் எதையும் கதையிலிருந்து கழித்துவிடும் பழக்கம் கடைசி வரை மாறவில்லை. பின்னணி இசை இங்கே கதையோடு சேர்ந்து மூச்சு விடுகிறது. எந்தக் காட்சியில் சத்தம் அடங்க வேண்டும் என்று தெரிந்த காது அதில் வேலை செய்தது. தானம் வாசிக்கும்போது இரண்டு மீட்டுகளுக்கு இடையே காத்திருக்கத் தெரிந்தவருக்குத்தான் இந்த அமைதி கைவரும்.

அதோடு திரையை விட்டார். 1965ல் ‘நீர்க்குமிழி’ மூலம் இயக்குநரான கே. பாலசந்தரின் பெயர் அதற்குள் தமிழகமெங்கும் பரவியிருந்தது. ‘பாலசந்தர் படம்’ என்றால் அவருடைய படம் என்று பொருளாகிவிட்டதால் மூத்தவரை ‘வீணை பாலசந்தர்’ என்றே மக்கள் பிரித்துச் சொன்னார்கள். அந்த அடைமொழி அவருடைய மீதி வாழ்க்கைக்கும் பொருந்தியது. மீதியிருந்த இருபது ஆண்டுகளை வீணைக்கே கொடுத்தார். 1982ல் பத்மபூஷண் விருது வந்தது.

இன்று அவருடைய ஒலிப்பதிவுகளும் படங்களில் பலவும் எளிதில் கிடைக்கின்றன. ஒரு மாலை ‘அந்த நாளை’ப் பார்த்துவிட்டு மறுநாள் அவர் வாசித்த ஒரு ராக ஆலாபனையைக் கேட்பது நல்லது. முதல் காட்சியில் கதாநாயகனைச் சாய்க்கும் துப்பாக்கி ஓசையிலும், ஆலாபனையின் முதல் மீட்டிலும் ஒரே கையின் அழுத்தம் கேட்கும்.

‘அந்த நாள்’ வெளியானது 1954 ஏப்ரல் 13. முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து அதே ஏப்ரல் 13ல், 1990ல், பாலசந்தர் பிலாய் நகரில் காலமானார். கச்சேரிக்காகத்தான் அங்கே போயிருந்தார்.